மேனுவலில் அசைந்த இறக்கை

சாப்பாட்டு மேசையின் மேல் விமானம் இருந்தது. அங்கே அதை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அன்று மட்டும் என் மனைவி சிவகாமி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நானே அறுத்து, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் செய்த விமானம் அது. மஞ்சள் இறக்கை, சிவப்பு மூக்கு. இறக்கை மேசையைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்த விசிறியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு பேட்டரியை மாட்டினேன். வீட்டுக்குள் சோதிக்கும்போது விசிறி இருக்கவே கூடாது, விரல் போய்விடும்.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்த விமானத்தை நான் மேனுவலில் பறக்கவிட்டு, பூப்போலத் தரையில் இறக்கியிருந்தேன். நாலைந்து நாட்களாக வீட்டில் அதே பேச்சு. சாதித்ததை மனைவி சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்ற குறை எனக்கு. புரியவைத்தே தீருவது என்று அவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன்.

"இப்ப பாரு. சுவிட்ச் மேல இருக்குது. இதுதான் மேனுவல். பிளேன நான் எப்பிடிச் சாச்சாலும் இது தானா ஒண்ணும் பண்ணாது. என் கை சொன்னாத்தான் கேக்கும்" என்றேன்.

சொல்லிக்கொண்டே இடது இறக்கையைத் தூக்கினேன். இறக்கையின் பின்னோரத்தில் கீல் வைத்த ஒரு சிறு மடல் உண்டு. விமானம் சாய்வதும் நிமிர்வதும் அதனால்தான். நான் ரிமோட்டைத் தொடவே இல்லை. அந்த மடல் விர்ரென்று மேலே எழும்பியது.

வலது பக்கத்தைத் தூக்கினேன். அந்தப் பக்கத்து மடல் எழும்பியது. சுவிட்சை நடுவில் வைத்துப் பார்த்தேன், கீழே வைத்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் விமானம் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது. நான் சாய்த்தால் அது நிமிரப் பார்த்தது.

தலையைத் தூக்கி சிவகாமியைப் பார்த்தேன். அவள் இறக்கையைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை மூலையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுவிட்சுக்கு மூன்று இடம்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் ஆலைக் கதைகள் பழகிப்போயிருக்கும். போன வாரம் கேன்டீன் சாம்பாரைப் பற்றி நாலு வார்த்தை எழுதப்போக, பழைய சகாக்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள். இந்த வாரம் ஆலை கொஞ்சம்தான், விமானம்தான் ஜாஸ்தி. அதனால் அந்தச் சுவிட்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வரும் விளையாட்டு விமானங்களுக்குள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதற்குத் தெரியும். அதை எந்த அளவுக்கு நம்புவது என்பதை ரிமோட்டில் உள்ள சுவிட்ச் சொல்லும்.

சுவிட்ச் கீழே இருந்தால் லெவல். கையை எடுத்துவிட்டால் விமானம் தானே நிமிர்ந்து நேராகப் போகும். நாம் எவ்வளவு சாய்த்தாலும் ஓர் அளவுக்கு மேல் சாயாது. நம் கை சொல்வதை அது கேட்டுக்கொள்ளும், ஆனால் முடிவு அதனுடையது.

மேலே இருந்தால் மேனுவல். பெட்டி வாயை மூடிக்கொள்ளும். கை அசைந்தால் மடல் அசையும். கை தப்பு செய்தால் விமானமும் அதே தப்பைச் செய்யும்.

நடுவில் உள்ளதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் நடு மோடு என்றுதான் சொல்வேன். காற்று வந்து தள்ளினால் பெட்டி தடுத்து நிற்கும். ஆனால் நான் சாய்த்தால் சாய்ந்தபடியே இருக்கும். திரும்ப நிமிர்த்த வேண்டியது என் பொறுப்பு.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் நாலு பேர் நடமாடும் இடத்துக்கும் லெவல்தான் சரி. அதில் எனக்கு எந்த வாதமும் இல்லை. லெவலில் வைத்துவிட்டு மேனுவல் என்று சொல்வதில்தான் வாதம்.

அரை டம்ளர்

என் கை நடுங்கும். சும்மா மடியில் கிடக்கும்போது சாதுவாகத்தான் இருக்கும். எதையாவது பிடித்தால் ஆரம்பித்துவிடும். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஸ்க்ரூ டிரைவரின் முனை திருகாணியின் கோட்டைத் தேடித் தேடி அலைந்தபோதுதான் முதலில் கவனித்தேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பெரிய வியாதி ஒன்றும் இல்லை, சிலருக்கு இப்படி வரும், வயதோடு கொஞ்சம் கூடும் என்றார். மாத்திரை கொடுத்தார். நாங்களும் கொஞ்சம் கூடும் என்பதில் உள்ள கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நடுக்கத்தைவிட மற்றவர்களின் அன்புதான் என்னை அதிகம் படுத்தியது.

சிவகாமி சிதம்பரத்துப் பெண். கோயிலை ஒட்டின சந்தில் அவர்கள் வீடு. மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் அங்கே கூடிவிடும். தேர் பார்த்துவிட்டு வந்து, சம்பா சாதத்தில் கத்திரிக்காய் கொத்சு ஊற்றிச் சாப்பிட்டு, கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். காபி வந்தது. எல்லோருக்கும் நுரை ததும்ப முழு டம்ளர். எனக்கு மட்டும் அரை டம்ளர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதுதான் நாகரிகம் என்று நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, எல்லோருக்கும் ஊற்றின மாதிரி ஊற்றச் சொன்னேன். ஊற்றினார்கள். குடித்தேன். வெள்ளை வேட்டியில் கொஞ்சம் சிந்தியது, விரலில் கொஞ்சம் சுட்டது. முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் புவனகிரி தாண்டும் வரை சிவகாமி என்னோடு பேசவில்லை.

வாய்விட்டுச் சொல்வது

குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தேன். அழுத்தம், வெப்பம், தொட்டியில் எவ்வளவு திரவம் என்று காட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது வேலை. அங்கேயும் இதே ஆட்டோ, மேனுவல்தான். ஒரு வால்வு ஆட்டோவில் இருந்தால் தானே திறந்து மூடிக்கொள்ளும். மேனுவலில் இருந்தால் ஆள் சொன்னால்தான் அசையும்.

எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஒரு பழக்கம் இருந்தது. யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது, நான் சேர்ந்தபோதே இருந்தது. ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கோ, மேனுவலிலிருந்து ஆட்டோவுக்கோ எதையாவது மாற்றுகிறவர், மாற்றும்போதே அதை அறை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நாலாம் நம்பர் மேனுவல்" என்று ஒரு குரல், "நாலாம் நம்பர் மேனுவல்" என்று இன்னொரு குரல். புதிதாக வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி தோன்றும், சிரிப்பார்கள். ஒரு மாதம் போனால் அவர்களும் சொல்வார்கள்.

காரணம் எளிமையானது. ஆட்டோவில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஒருவர் டீ குடிக்கப் போய்விடுவார், அது மேனுவலில் கிடக்கும். அல்லது தன் கைதான் வால்வை ஓட்டுகிறது என்று நம்பி ஒருவர் பெருமையாக உட்கார்ந்திருப்பார், அது ஆட்டோவில் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவதால் தொட்டி வழியும். இரண்டாவதால் அந்த மனிதர் தன்னைப் பற்றிப் பொய்யான ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். எது பெரிய ஆபத்து என்று அப்போது நான் யோசித்ததில்லை.

வீட்டிலும் எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மோட்டார் போட்டால் "மோட்டார் போட்டாச்சு" என்று கத்துவேன். யாரும் திருப்பிச் சொல்லமாட்டார்கள்.

மணலில் மூக்கு

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் சபேசன், சிவகாமியின் தம்பி. சிதம்பரத்தில் கண்காணிப்பு கேமரா மாட்டித் தருவது அவன் தொழில். முகூர்த்த நாட்களில் கல்யாணங்களுக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுப்பான். அவனுடைய ட்ரோன் கையை விட்டால் நின்ற இடத்தில் நிற்கும். படம் ஆடாமல் வர வேண்டும் என்பதால் அப்படி நிற்கிற சாதனங்கள்மேல் அவனுக்கு அளவில்லாத மரியாதை.

ஓய்வு பெற்று வீட்டில் நான் எல்லோருக்கும் இடைஞ்சலாக இருந்த காலத்தில், அவன்தான் தன்னிடம் கிடந்த ஸ்பாஞ்ச் விமானம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். லெவலில் வைத்துப் பழக்கினான். நன்றாகத்தான் ஓட்டினேன். என் நடுக்கத்தை விமானம் கண்டுகொள்ளவே இல்லை. ஆகாயத்தில் ஒரு பொருள் என் சொல் கேட்டுத் திரும்புவதைப் பார்த்தபோது, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இருந்த மாதிரி இருந்தது.

பிறகு ஆசை விடவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் என்று நினைத்த இடத்தில், ஒரு நாள் மேனுவலுக்கு மாற்றிப் பார்த்தேன். கையில் இருந்த நடுக்கம் அப்படியே ஆகாயத்துக்குப் போனது. விமானம் குளிர் காய்ச்சல் வந்ததுபோல உதறியது. பதற்றத்தில் ரிமோட்டின் குச்சியை இழுத்தேன். கடல் காற்று ஒரு பக்கம் தள்ள, அது தலைகுப்புற வந்து மணலில் மூக்கைக் குத்தி இரண்டாக உடைந்தது. பக்கத்தில் படகு மறைவில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நாங்கள் பார்க்கவே இல்லை. அவர் மேல் படவில்லை. ஆனால் அவர் எழுந்து நின்று எங்களைத் திட்டிய திட்டு நியாயமானது, முழுசாக வாங்கிக்கொண்டோம்.

சிவகாமி அன்று கூட வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானே சொன்னேன். இனிமேல் ஊருக்கு வெளியே ஆள் இல்லாத கொல்லையில்தான் விடுவேன். இன்னொரு விமானம் என் கையால் உடைந்தால் ரிமோட்டை சபேசனிடம் கொடுத்துவிட்டு இந்தப் பக்கமே திரும்பமாட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் நான் கொஞ்சம் முரடன் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு

அதன்பிறகுதான் மஞ்சள் விமானத்தைச் செய்தேன். மாதக்கணக்கில் ஆனது. அறுக்கும்போது கை நடுங்கினால் கட்டையை மேசையோடு இறுக்கி வைத்து அறுத்தேன். ஒட்டும்போது நடுங்கினால் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். ரிமோட்டில் உள்ளே போய் மாற்றும் வேலையை மட்டும் சபேசன் செய்தான். அந்தப் பொடிப் பொத்தான்களோடு என் விரலால் மல்லுக்கட்ட முடியவில்லை. மேலே மேனுவல், நடுவில் நடு மோடு, கீழே லெவல், எல்லாம் சோதித்துவிட்டேன் மாமா என்று கொண்டுவந்து கொடுத்தான்.

அண்ணாகிராமத்தில் எங்கள் பங்குக்கு வந்த புன்செய்க் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்திருந்தார்கள். சுற்றிலும் முந்திரி, நடுவில் வெட்டவெளி. சபேசன் கையால் வீசி விட்டான். கொஞ்சம் உயரம் போனதும் சுவிட்சை மேலே தள்ளினேன். மேனுவல்.

விமானம் உதறவில்லை. அலுங்காமல் குலுங்காமல் போனது. திருப்பினேன், திரும்பியது. கையைப் பார்த்தேன், நடுங்கிக்கொண்டுதான் இருந்தது போலத் தெரிந்தது. ஆனால் விமானம் நடுங்கவில்லையே. அப்படியானால் மாத்திரை வேலை செய்கிறது, கை தேறிவிட்டது என்று முடிவு கட்டினேன். கண்ணால் பார்த்த கையை நம்பாமல், பார்க்க விரும்பினதை நம்பினேன்.

வீட்டுக்கு வந்து அன்று நான் பண்ணிய அலப்பறை கொஞ்சமில்லை. டம்ளர் நிறையக் காபி கேட்டேன். சட்டைப் பொத்தானைப் போட உதவ வந்தவளை ஓரமாகப் போகச் சொன்னேன். பெண்ணுக்கு பெங்களூருக்குப் போன் போட்டு, அப்பாவுக்குக் கை சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவள் போனிலேயே அழுதாள்.

துடைத்த மேசை

இப்போது மேசைக்கு வருகிறேன். மூன்று இடத்திலும் மடல் ஒரே மாதிரி அசைந்தது என்றால், சுவிட்சின் மூன்று இடத்திலும் லெவலே இருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டியது நான் இல்லை, பெட்டி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. கன்ட்ரோல் ரூமில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவன்.

சபேசனைத்தான் முதலில் திட்ட நினைத்தேன். சிவகாமி முந்திக்கொண்டாள்.

"நான்தான் அவன்ட்ட சொன்னேன்."

ஏன் என்று கேட்டேன். உடைந்துவிடும் என்று பயமா, யார் மேலாவது விழும் என்று பயமா என்று கேட்டேன். கொல்லையில் யார் இருக்கிறார்கள், முந்திரி மரம்தானே இருக்கிறது என்று சத்தம் போட்டேன்.

"ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது. ஒடஞ்சிதுன்னா நீங்க சொன்னபடி அதோட விட்டுடுவீங்க. விட்டுட்டு இந்த நாற்காலியில வந்து உக்காந்துடுவீங்க. அதுக்குத்தான் பயந்தேன்" என்றாள்.

 கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொல்ல முடிந்தது.

"கை நல்லாயிடுச்சின்னு நெனச்சிட்டேன் சிவகாமி. பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் மேசையைத் துடைக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த விமானத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது என்று சொல்ல வெட்கப்படவில்லை.

மறுநாள் காலையில் சபேசன் சிதம்பரத்திலிருந்து பைக்கில் வந்து நின்றான். அக்கா போனில் பேசியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான் மாமா என்றான். நான் அதற்குள் கோபத்திலிருந்து வேறு இடத்துக்கு வந்திருந்தேன். தூக்கம் வராமல் படுத்திருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். கை தேறவில்லை. தேறப்போவதும் இல்லை. அந்தக் கையாலேயே ஓட்டுவது. உட்கார வைத்துச் சொன்னேன்.

"மச்சான், நீ எனக்கு நல்லது நெனச்சித்தான் செஞ்ச. ஆனா இனிமே சுவிட்ச மாத்துனா வாயத் தொறந்து சொல்லிட்டு மாத்தணும். நான் திருப்பிச் சொல்லணும். அது இல்லாம இந்த ரிமோட்ட நீ தொடக் கூடாது."

"சரி மாமா. மூணையும் சரியா வச்சித் தர்றேன். ஆனா மேனுவல் வேணாமே" என்றான்.

அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

எவ்வளவு நடுக்கம் என்னுடையது

அதன்பிறகு ஒரு வாரம் சாப்பாட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மேசை விமானத்துக்கு.

ரோஷத்துக்கு மேனுவல்தான் வேண்டும் என்றிருந்தது. விசிறியைக் கழற்றிவிட்டு மேனுவலில் வைத்து, குச்சியை விரலால் பிடித்துப் பார்த்தேன். மடல் என் விரலோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடியது. வேறு யாராவது ஆடுவதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையை நான் அதுவரை அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. நடுக்கம் சின்னது, வேகமானது, நிற்காதது. நான் வேண்டுமென்று குச்சியைத் தள்ளும் அசைவு பெரியது, நிதானமானது. இரண்டும் வேறு வேறு ஆட்கள் செய்வதுபோல இருந்தது.

ஆலையில் இதே கதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். தொட்டியில் திரவம் தளும்பினால் காட்டும் முள் படபடக்கும். தளும்பலைப் பொருட்படுத்தாமல் உண்மையான ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டும்படி முள்ளைக் கொஞ்சம் மந்தமாக்குவோம். ரொம்பவும் மந்தமாக்கினால் தொட்டி வழிந்தாலும் முள் தூங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு என்பதில்தான் வேலை இருக்கிறது.

ரிமோட்டிலும் அந்த வசதி இருந்தது. குச்சி நடுவில் இருக்கும்போது சின்ன அசைவுகளுக்கு மடல் கொஞ்சமாகவே அசையும், தூரத் தள்ளினால் முழுசாக அசையும். சபேசன் பொத்தானை அழுத்த, நான் பார்த்துச் சொல்ல, ஏற்றி இறக்கிப் பார்த்தோம். மாற்றும்போதெல்லாம் அவன் சொன்னான், நான் திருப்பிச் சொன்னேன். அடுக்களையிலிருந்து சிவகாமி கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

முழுசாக மந்தமாக்கினால் நடுக்கம் காணாமலே போனது, ஆனால் என் திருப்பமும் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அது வேண்டாம் என்று பின்வாங்கினேன். மடலில் லேசாக ஒரு துடிப்பு மிச்சமிருக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே மாமா என்றான். அது என்னுடையது, இருக்கட்டும் என்றேன்.

அப்புறம் மோடு. காற்றோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. காற்றைப் பெட்டி பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் எவ்வளவு சாய்வது, எப்போது நிமிர்வது என்பது என் முடிவாக இருக்க வேண்டும். நடு மோடு என்று அறிவித்தேன். மேனுவல் இல்லை என்றதும் சபேசனுக்கு உயிர் வந்தது. அவனுக்காக மாற்றவில்லை என்றும், மடலைப் பார்த்துத்தான் மாற்றினேன் என்றும் சொல்லி அவன் சந்தோஷத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

கடைசியாக ஒன்றை நானே செய்தேன். விமானத்தைக் கையில் தூக்கி ஒவ்வொரு மோடிலும் சாய்த்துப் பார்த்தேன். மேனுவலில் மடல் அசையவில்லை. நடு மோடில் சாய்க்கும்போது மட்டும் எதிர்த்தது, சாய்த்துப் பிடித்ததும் அடங்கியது. லெவலில் நிமிரும் வரை எதிர்த்தது. இனி யார் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை.

கொல்லையில்

அந்த வாரம் முடிந்து வந்த ஞாயிறு, வெயில் தாழ்ந்த பிறகு போனோம். இந்தத் தடவை சிவகாமியும் வந்தாள். உடைந்தால் இதை விட்டுவிடுவதாகச் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது என்று காரில் ஏறும்போதே சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள். ஒரு முந்திரி மரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

சபேசன் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். "நடு மோடு" என்றேன். "நடு மோடு" என்றான். வீசினான்.

முதல் ஒரு வட்டம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. லெவலில் கையை விட்டால் நிமிர்ந்துவிடும் பழக்கம் விரலில் ஊறியிருந்தது. சாய்த்துவிட்டுக் கையை விட்டேன், விமானம் சாய்ந்தபடியே போய்க்கொண்டிருந்தது. நிமிர்த்தணும் மாமா என்று சபேசன் நினைவுபடுத்தினான். நிமிர்த்தினேன். இன்னொரு தடவை சாய்த்தேன், நானே நிமிர்த்தினேன். இறக்கையில் லேசான ஒரு துடிப்பு தெரிந்தது. அது என் கை. இந்தத் தடவை எனக்குச் சந்தேகமில்லை.

மூன்றாவது சுற்றில் கிழக்கிலிருந்து காற்று எழும்பியது. அந்த நேரத்துக்குக் கடல் காற்று வரும் என்பது தெரிந்ததுதான். விமானத்தை முந்திரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. மரத்துக்கும் அதற்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. என் நடுக்கம் கூடியது, பதற்றத்தில் கூடத்தான் செய்யும்.

"லெவல் போட்டுடுங்க மாமா" என்றான் சபேசன். சொன்னானே தவிர, கையை நீட்டவில்லை. அதற்காக அவனை மன்னித்தேன்.

என் விரல் சுவிட்சுக்குப் போனது உண்மை. லெவல் போட்டால் விமானம் நிமிரும், நேராகப் போகும். நேரே முந்திரி மரம்தான் இருந்தது. அப்போது தேவை சாய்வுதான், லெவல் தருவதைவிட அதிகமான சாய்வு. விரலை எடுத்துவிட்டேன். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு குச்சியை முழுசாகத் தள்ளினேன். விமானம் இறக்கை செங்குத்தாக நிற்கும் அளவுக்குச் சாய்ந்து, மரத்தின் உச்சி இலைகளை ஒட்டினாற்போல் திரும்பியது. லெவலில் இருந்திருந்தால் அவ்வளவு சாய்ந்திருக்காது. நிமிர்த்தினேன்.

இறக்கிவிடலாம் என்றான் சபேசன். நானும் அதைத்தான் நினைத்தேன். மோட்டார் வேகத்தைக் குறைத்தேன். சக்கரம் கிடையாது, வயிற்றால்தான் இறங்க வேண்டும். காற்றுக்கு எதிராகத் திருப்பி, தாழ்த்தித் தாழ்த்திக் கொண்டுவந்தேன். இறக்கை இரண்டு பக்கமும் மாறி மாறித் துடித்தது. ஆள் உயரம், இடுப்பு உயரம், முழங்கால். செம்மண் கட்டி ஒன்றில் மூக்கு இடித்து, கொஞ்ச தூரம் சறுக்கி, புழுதி கிளப்பி நின்றது.

முதலில் ஓடியது நான்தான். இறக்கை முழுசாக இருந்தது. வால் முழுசாக இருந்தது. மூக்கில் விசிறியின் ஒரு பக்கம் பாதியோடு முறிந்து போயிருந்தது.

அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். சபேசன் வந்து, இது ஒரு உடைசலே இல்லை மாமா என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடைந்தால் என்றால் உடைந்தால்தான். அதற்குள் சிவகாமி மல்லாட்டைக் கொல்லையின் மேடுபள்ளத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தாள். துண்டை அவளிடம் நீட்டினேன். என் கை பயங்கரமாக நடுங்கியது, மறைக்கவில்லை.

"ஒடஞ்சிடுச்சி சிவகாமி. சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

அவள் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"இது வேற இருக்குதாடா?"

"பையில ரெண்டு இருக்குதுக்கா."

"மாட்டு" என்றாள்.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"மரத்துகிட்ட போறப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன். எறக்குனதையும் பாக்கல. இன்னும் வெளிச்சம் இருக்குது, இன்னொரு தடவ வுடுங்க. இந்தத் தடவ பாக்குறேன்."